விருதுநகர் மிளகாயும் என் கல்யாணக் கடிதமும்

விருதுநகரைப் பற்றி யாராவது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பேன். சொல்ல ஆளில்லை. இலங்கையில் பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு விருதுநகர் ஒரு ரயில் நிலையத்தின் பெயர், அவ்வளவுதான். அங்கே இறங்கி, பஸ் பிடித்துச் சிவகாசி போய், திங்கட்கிழமை காலை கோயிலில் நடக்கும் கல்யாணத்துக்கு நிற்க வேண்டும். கல்யாணம் எனக்குத்தான். அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

மாப்பிள்ளை ஞானமுத்து, சிவகாசி மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். மனைவி இறந்து ஆறு வருஷம். என் தங்கை வீட்டில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதன் பிறகு ஒன்றரை வருஷம் கடிதம். கடிதத்தில் நன்றாகப் பேசுவார். நேரில் பேசினாரா என்று எனக்கு நினைவில்லை.

எங்கள் கிறிஸ்தவ சபையில் ஒரு வழக்கம் உண்டு. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் வேறு வேறு ஊரென்றால் இரண்டு ஊர்க் கோயிலிலும் வாசிக்க வேண்டும். என் ஊரில் வாசித்தாயிற்று, ஒருவரும் தடை சொல்லவில்லை என்று எங்கள் பாதிரியார் ஒரு முழுத் தாளில் இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுத்தார். மனிதருக்குக் கவனம் கொஞ்சம் அதிகம். அதே தாளின் அடியில் அரசாங்கப் பதிவாளரிடமும் ஒரு சான்று வாங்கி வைத்தார். இலங்கையில் எல்லாம் சிங்களத்தில் என்று ஆகியிருந்த காலம். பதிவாளர் சிங்களத்தில் எழுதிச் சிங்க முத்திரையும் குத்தினார். இந்தத் தாள் இல்லாவிட்டால் சிவகாசியில் கல்யாணம் இல்லை.

தாள் என் தோல் பையில் இருந்தது. கூடவே கல்யாணத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டுச் சேலை, உயர்ந்த தேயிலை இரண்டு பொட்டலம், ஆறு பீங்கான் கோப்பைகள். கோப்பைகள் உடையாமல் இருக்க ஆஸ்பத்திரி நோட்டீஸ்களில் சுற்றியிருந்தேன். சுகாதார இலாகா எங்களுக்கு ஒரு கட்டு நோட்டீஸ் அனுப்பியிருந்தது. நல்ல கெட்டித் தாள், மேலே சிங்க முத்திரை, கீழே கொட்டை எழுத்தில் "இங்கே எச்சில் துப்பாதீர்கள்". எல்லாம் சிங்களம். எங்கள் தோட்டத்தில் எச்சில் துப்புகிறவர்கள் அத்தனை பேரும் தமிழர்கள். நல்ல தாளை வீணாக்குவானேன் என்று கோப்பைக்குச் சுற்றினேன்.

விருதுநகரில் இறங்கியது புதன்கிழமை காலை. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே மிளகாய் மண்டி. பஸ்ஸின் கூரையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே இருந்த ஆள் ஒரு மூட்டையை ஓங்கித் தட்டினான்.

"எக்கா, மூக்கைப் பொத்துங்க, வத்தல் மூட்டை!" என்று ஒருவர் கத்தினார். வத்தல் என்றால் காய்ந்த மிளகாய் என்பது எனக்குப் புரிவதற்குள் அது புரிய வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பதினேழு தும்மல். எண்ணினேன், தொழில் புத்தி. கண்ணைத் திறக்க முடியவில்லை. திறந்தபோது காலடியில் பை இல்லை.

சுற்றிலும் பார்த்தேன். ஊரே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அமைதியாக நின்றது. கண்கள் மட்டும் தெரிந்தன. எல்லாக் கண்ணும் சிவப்பு. திருடர்களுக்கென்றே ஒரு ஊரைக் கட்ட நினைத்திருந்தாலும் இதைவிட வசதியாகக் கட்டியிருக்க முடியாது. பாஸ்போர்ட்டும் கொஞ்சம் பணமும் தோளில் மாட்டிய சின்னப் பையிலும், மாற்றுச் சேலைகள் கையில் பிடித்திருந்த பெட்டியிலும் தப்பின.

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் காராச்சேவு தின்றுகொண்டிருந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டார், கையைத் தட்டினார், "நாலு முழு வெள்ளைத்தாள் வாங்கிட்டு வந்துருங்கம்மா" என்றார். திருட்டுக் கொடுத்தவள் தாள் வாங்கிக் கொடுத்தால்தான் திருட்டு எழுதப்படும். வாங்கி வந்தேன்.

"ஆளு எப்படி இருந்தான்?"

"முகத்தைத் துண்டால் மூடியிருந்தான் போல."

"மண்டியில எல்லாரும் அப்படித்தாம்மா இருப்பாக. நானே அப்படித்தான் போவேன்."

சேலை, தேயிலை, கோப்பை எல்லாம் எழுதினார். கடிதத்துக்கு வந்தபோது பேனா நின்றது. "இதுக்கு மதிப்பு எம்புட்டு போட?"

"மதிப்பு போட முடியாது. அது இல்லாவிட்டால் என் கல்யாணம் நின்றுவிடும்."

"மதிப்பு இல்லாத பொருளைத் திருட்டுப் பட்டியல்ல சேக்க முடியாதும்மா," என்று அன்பாகச் சொல்லிவிட்டு அதை அடித்தார். நாற்பத்திரண்டு வருஷம் காத்திருந்தது ஒரு கோட்டில் போயிற்று. வெளியே வந்து ஒரு கடையில் எண்ணெயில் பொரித்த பரோட்டா தின்றேன். பரோட்டாவை எண்ணெயில் போட்டுப் பொரிக்கும் ஊரில் நீதி எப்படிக் கிடைக்கும்? நன்றாக இருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மத்தியான பஸ் ஆனைக்குட்டம் பக்கத்தில் கொதித்து நின்றது. கண்டக்டர் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். அணைக்கட்டு இருக்கும் ஊர் என்றார்கள். எங்கள் மலையில் பிடரியில் மழை சொட்டாத நாள் கிடையாது. இங்கே கண்ணுக்கு எட்டின மட்டும் காய்ந்த கரிசல் மண், நடுநடுவே ஓலைக் கொட்டகைகள். அரை மணி கழித்துக் கண்டக்டர் அரை வாளித் தண்ணீரோடு வந்தார், அதையும் பாதி குடித்துவிட்டு.

சிவகாசியில் பெண்கள் விடுதியின் விருந்தாளி அறையில் எனக்கு இடம் ஏற்பாடாகியிருந்தது. ஞானமுத்து வாசலில் நின்றார். மெலிந்த ஆள், சட்டைப் பையில் இரண்டு பேனா. பை போன கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"பார்ப்போம்," என்றார்.

அவ்வளவுதான். ஒன்றரை வருஷத்துக் கடிதங்களும் என் கண் முன்னால் வற்றிப்போயின.

வியாழக்கிழமை தந்தி ஆபீஸ். எங்கள் பாதிரியாருக்கு, இன்னொரு கடிதம் உடனே அனுப்புங்கள் என்று தந்தி. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர், இலங்கைத் தந்திக்குத் தனிப் படிவம், படிவம் தீர்ந்துவிட்டது என்றார். எப்போது வரும் என்றேன். கேட்டு எழுதியிருக்கிறோம் என்றார். ஊர் முழுக்க அச்சாபீஸ், சுவருக்குச் சுவர் காலண்டர், தெருவுக்குத் தெரு தாள் வண்டி, ஒரு தந்திப் படிவத்துக்கு மட்டும் பஞ்சம். கடைசியில் உள்ளூர்ப் படிவத்தில் நாடு என்று ஒரு கோடு கூடப் போட்டு எழுதிக்கொடுத்தேன்.

அன்று மாலை ஞானமுத்துவின் அக்கா ரூத் என்னைப் பார்க்க வந்தார். தம்பி வீட்டை ஆறு வருஷமாக நடத்துகிறவர். தட்டில் மிக்சரும், காப்பி என்ற பெயரில் கருப்பட்டித் தண்ணீரும் கொண்டுவந்தார். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவளுக்குக் கருப்பட்டி.

"கடுதாசி பையோட போயிருச்சாக்கும்," என்றார்.

"ஆமாம்."

"பை மட்டும் போச்சா, கடுதாசி மொதல்லயே இல்லையான்னு ஊருல கேப்பாக, சிஸ்டர். நான் கேக்கல. நாப்பத்திரண்டு வயசு வரைக்கும் ஒரு பொம்பளை அந்நிய தேசத்துல தனியா... என் தம்பி வெள்ளந்தி. அதான் பயமா இருக்கு."

ஆஸ்பத்திரியில் ஒரு கம்பவுண்டர் நோயாளியைப் பார்க்காமலேயே சார்ட்டில் காய்ச்சல் அளவு எழுதுவான். அவனை நான் வேலையை விட்டு அனுப்ப வைத்தேன். பதினெட்டு வருஷத்தில் ஒரு சார்ட்டில்கூட நான் பொய் எழுதியதில்லை. என்னிடம் இந்தப் பேச்சு. கருப்பட்டித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நன்றாக இருக்கிறது," என்றேன். அது வேறு கணக்கு, மரியாதைக்குச் சொல்வது.

வெள்ளிக்கிழமை இரண்டு செய்திகள். முதலாவது, பதில் தந்தி: பாதிரியார் மலைத் தோட்டங்களுக்குச் சுற்றுப்பயணம், திரும்பப் பத்து நாளாகும். இரண்டாவது, நானும் ஞானமுத்துவும் போய்ப் பார்த்தபோது இந்த ஊர்ப் பாதிரியார் சொன்னது. அவரை இங்கே ஐயர் என்பார்கள். வயதானவர், நல்லவர், சட்டத்தை விட்டு ஒரு அங்குலம் நகராதவர். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் ஒருவரும் தப்ப முடியாது.

"உங்க வார்த்தையை நான் சந்தேகப்படல, சிஸ்டர். ஆனா கடிதம் இல்லாம நான் கல்யாணத்தை நடத்த முடியாது. வர்ற புதன் சாம்பல் புதன். லெந்து நோன்பு தொடங்கிட்டா நாப்பது நாளைக்குக் கோயில்ல கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் கழிச்சு வச்சுக்கிடலாமே?"

ஈஸ்டருக்கு முன்பே என் லீவு முடிந்துவிடும். அதன் பிறகு மறுபடியும் இந்தியா வரப் பர்மிட் கிடைக்குமா என்பது கொழும்பில் ஒரு குமாஸ்தாவின் மனநிலையைப் பொறுத்தது. அதைவிட, ரூத் அக்கா கையில் நாற்பது நாள் கிடைத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஞானமுத்து என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் என்று வைத்துக்கொண்டேன்.

திரும்பிப் போய்விடுவது என்று அன்று சாயங்காலம் முடிவு செய்தேன். விருதுநகர் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கத் தெருவில் இறங்கினேன். விடுதிக்குப் பின்தெருவில் வீட்டுக்கு வீடு பெண்கள் உட்கார்ந்து வெடிக்குழாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் இரும்புக் கம்பி, பக்கத்தில் பசைச் சட்டி. துண்டுத்தாளைக் கம்பியில் சுற்றி, பசை தடவி, ஒரு உருட்டு உருட்டி உருவிப் போட்டால் விரல் நீளக் குழாய். அதற்குள் மருந்து போட்டால் வெடி. இரண்டு நாளாக இந்தத் தெருவில் மூக்கைச் சுளித்துக்கொண்டு நடந்தவள்தான் நான். அன்றைக்குத் தலை குனிந்து நடந்ததால் கீழே கிடந்ததைப் பார்த்தேன்.

ஒரு வெள்ளைத் துண்டு. அதில் வட்ட வட்டமாகச் சிங்கள எழுத்து.

சிவகாசியில் பின்தெருவில் சிங்களம். குனிந்து எடுத்தேன். "துப்பாதீர்கள்" என்பதில் பாதி.

"இந்தத் தாள் எங்கிருந்து வந்தது?" என்று போட்ட சத்தத்தில் சுருட்டிக்கொண்டிருந்த அம்மாள் கம்பியைக் கீழே போட்டுவிட்டார். பேச்சியம்மாள் என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். விரல் பத்திலும் பசை.

"ஏம்மா கத்துதீக? அந்த ஜிலேபி எழுத்தா? நேத்து ஏஜெண்டு குடுத்த கட்டுல வந்துச்சு. பழைய தாள் கடையில எடை போட்டு எடுத்து, கத்தியில துண்டு போட்டுக் குடுப்பாக. நல்ல கெட்டித்தாளு. உள்சுத்துக்குக் கெட்டித்தாள் வச்சா வெடி நல்லா நிக்கும்னு தனியா எடுத்து வச்சுச் சுருட்டுனேன்."

"டைப் அடித்த தாள் ஏதாவது இருந்ததா? இங்கிலீஷ்?"

"எனக்கு எழுத்துத் தெரியாது, தாயி. தமிழ் எழுத்து ஒரு மாதிரி இருக்கும், இங்கிலீசு ஒரு மாதிரி இருக்கும், இந்த ஜிலேபி ஒரு மாதிரி. அம்புட்டுத்தான். குத்துக்குத்தா கருப்பு எழுத்துல ஒரு கெட்டித்தாளு இருந்துச்சு. நாலு துண்டாக் கிடந்துச்சு."

திருடன் சேலையையும் தேயிலையையும் வைத்துக்கொண்டு தாளைப் பழைய தாள் கடையில் எடைக்குப் போட்டிருக்கிறான். உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது அது குப்பையில் கிடந்திருக்கும். இந்த ஊரில் குப்பைக்கும் வேலை உண்டு. என் கல்யாணத்தை நாலாக வெட்டிச் சுருட்டி, பசை போட்டு ஒட்டிவிட்டார்கள்.

"சுருட்டின குழாயெல்லாம் எங்கே?"

"பாதி இங்கன கெடக்கு. பாதி மத்தியானமே ஏழாயிரம்பண்ணை வெடிக் கம்பெனிக்குப் போயிருச்சே!"

அங்கே கிடந்ததைக் கிளறினோம். நோட்டீஸ் துண்டுகள்தான் வந்தன. "டைப் அடித்தது, இல்லாவிட்டால் சிங்கம் போட்டு ஜிலேபி எழுத்து இருப்பது. இரண்டில் எது கிடைத்தாலும் எடுத்து வை," என்று பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டு ஞானமுத்துவிடம் ஓடினேன். முழுவதும் கேட்டார்.

"பார்ப்போம்," என்றார். எனக்கு அவரைச் சட்டியிலிருந்த பசையில் ஒட்டிவிடலாம் போலிருந்தது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு விடுதிக் கேட்டைத் திறந்தால் அவர் கையில் டிபன் தூக்கோடு நிற்கிறார். கம்பெனி வேனில் டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு இடமும் சொல்லிவைத்திருந்தார். எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார், ஒன்றும் தெரியாது. வேனில் நாற்பது பெண்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் என் கதை தெரிந்திருந்தது. தந்தி ஆபீஸைவிடப் பின்தெரு வேகம்.

ஏழாயிரம்பண்ணையில் கம்பெனி என்றால் காய்ந்த காட்டுக்கு நடுவே தள்ளித் தள்ளிச் சின்ன அறைகள். வாசலில் போர்மேன், செருப்பைக் கழற்றச் சொன்னார், கொண்டை ஊசியைக் கழற்றச் சொன்னார். இரும்பு உரசினால் தீப்பொறி வருமாம். எங்கள் ஆபரேஷன் அறைகூட இத்தனை கண்டிப்பாக நடக்காது என்று முதல் தடவையாக இந்த ஜில்லாவில் ஒன்றை மெச்சப் போனேன். அதற்குள் அவர் காதிடுக்கில் ஒரு பீடி செருகியிருப்பதைப் பார்த்துவிட்டேன்.

"வாசல்லயே வச்சிருவேன்மா, உள்ள கொண்டு போக மாட்டேன்," என்றார் காதைத் தடவிக்கொண்டு. பிறகு ஞானமுத்துவைப் பார்த்து, "சார், எம் பிள்ளைக்கு நீங்கதான் பாடம் சொல்லிக்குடுத்தீக. இல்லைன்னு சொல்ல முடியல. ஆனா வடக்க கல்யாண சீசன், லோடு நாளைக்குப் போகணும். மருந்து போட்டதைத் தொட விடமாட்டேன். வெறுங்குழாயைப் பிரிச்சுப் பாருங்க. ஆனா ஒண்ணு, பிரிக்கிற குழாயைத் திரும்பச் சுருட்டி வச்சுட்டுப் போகணும்."

இப்படியாக, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு வேப்பமரத்தடியில் வெடிக்குழாய் சுருட்ட உட்கார்ந்தோம். குழாயின் ஓட்டை வழியாகப் பார்த்தால் உள்சுற்றில் கெட்டித்தாள் இருப்பது தெரியும். அப்படி இருப்பதை மட்டும் பிரிக்க வேண்டும். முதல் குழாயை நான் திரும்பச் சுருட்டியபோது அது ஒரு பக்கம் புனல் மாதிரி விரிந்துகொண்டது. பக்கத்திலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஊசியால் நரம்பு பிடிக்கிற கைக்கு ஒரு தாளைச் சுருட்டத் தெரியவில்லை. அதுவரை எனக்கு இது வேலை என்றே தோன்றியதில்லை.

ஞானமுத்து நன்றாகச் சுருட்டினார். பேசாமல், தலை நிமிராமல், ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்தார், பார்த்தார், சுருட்டினார். சிங்கத் துண்டுகள் வந்துகொண்டே இருந்தன. முதல் துண்டுக்கு நான் துள்ளினேன். அச்சடித்த நோட்டீஸ். பத்துப் பன்னிரண்டு சேர்ந்ததும் அவர் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன எழுதியிருக்கு?"

"இங்கே எச்சில் துப்பாதீர்கள்."

அவர் சிரித்தார். சத்தம் போட்டு, தோள் குலுங்க. இந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியும் என்று கடிதத்தில்கூட எழுதியதில்லை.

மத்தியானம் அவர் கொண்டுவந்த இட்லியைத் தின்றோம். தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடி. தும்மினேன். தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தார். மாலைக்குள் டைப் அடித்த துண்டுகள் மூன்று கிடைத்தன. ஒன்றில் என் பெயர். ஒன்றில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்த விவரம். ஒன்றில் பாதிரியார் கையெழுத்து. நாலாவது, பதிவாளரின் சிங்களச் சான்று, கிடைக்கவில்லை. மருந்து போட்ட அடுக்குகளில் இருக்கும் என்றார் போர்மேன். ஞானமுத்துவின் விரல்களைப் பார்த்தேன். பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் என்றால் உடனே மருந்து போட்டிருப்பேன். அன்றைக்கு அந்தக் கையைத் தொட எனக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஐயரிடம் துண்டுகளைக் கொடுத்தோம். அவை மேஜையில் நிற்காமல் சுருண்டு சுருண்டு உருண்டன. ஐயர் நாலு பக்கமும் பாட்டுப் புத்தகங்களை வைத்து அழுத்திப் படித்தார்.

"எல்லாம் சரி, சிஸ்டர். ஆனா கையெழுத்துக்குக் கீழ 'பதிவாளரின் சான்று இத்தாளின் அடியில் காண்க'ன்னு போட்டிருக்கே? அந்த அடி எங்க?"

எங்கள் பாதிரியாரின் அதிகப்படிக் கவனத்தை நான் அந்த நிமிஷம் மனதாரத் திட்டினேன். அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் இந்தக் கிழவர் கேட்டிருக்கவே மாட்டார்.

"காண்கன்னு எழுதியிருக்கும்போது காணாம நான் எப்படி நடத்த? நாளைக்குக் காலையில ஒன்பது மணி வரைக்கும் பாப்போம். கிடைக்கலைன்னா ஈஸ்டர் கழிச்சு," என்றார்.

திங்கட்கிழமை காலை. பட்டுச் சேலை திருடன் வீட்டில் இருந்ததால் என் ஆஸ்பத்திரி வெள்ளைச் சேலையைத் தேய்த்துக் கட்டிக்கொண்டேன். கோயில் நிறைய ஆட்கள். கல்யாணம் நடந்தால் கல்யாணம் பார்க்க, நின்றால் நிற்பதைப் பார்க்க. முன்வரிசையில் ரூத் அக்கா. கோயிலை ஒட்டிய சின்ன அறையில் நான், ஞானமுத்து, ஐயர். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம். எனக்குப் பயமாக இருந்தது. சண்டை போட ஒருவரும் இல்லாத பயம்.

வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு பேச்சியம்மாள் வந்து நின்றார். உள்ளே வரலாமா என்று தயங்கி, கையை மட்டும் நீட்டினார். கையில் சுருண்ட வெள்ளைத் துண்டு.

"கெடைச்சுருச்சு தாயி! மூணு நாளா சுருட்டவே இல்ல. வீட்டுல, பக்கத்து வீட்டுல, எல்லாத்தையும் பிரிச்சுட்டேன். நீங்க சொன்னீகளே, சிங்கம், ஜிலேபி எழுத்து. இதுதான?"

விரித்தேன். சிங்கம். கொட்டை எழுத்து. இங்கே எச்சில் துப்பாதீர்கள்.

பேச்சியம்மாள் என் முகத்தையே பார்த்தார். மூன்று நாள் கூலி போனவர். ஐயர் கையை நீட்டித் துண்டை வாங்கினார். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"அச்சடிச்சிருக்கே?"

"அரசாங்கத் தாள், ஐயரே," என்றேன். அதுவரை நான் சொன்னது உண்மை.

"முத்திரை இருக்கு. என்ன எழுதியிருக்கு, சிஸ்டர்?"

பதினெட்டு வருஷத்து சார்ட்டுகள் எல்லாம் என் கண் முன்னால் வந்து போயின. அந்தக் கம்பவுண்டரும் வந்தான்.

"தடை ஏதும் இல்லை என்று எழுதியிருக்கிறது," என்றேன்.

ஐயர் ஞானமுத்துவின் பக்கம் திரும்பினார். "சார், நீங்களும் பாத்தீகளா? இதுதானா?"

இந்தத் துண்டைப் போல ஒரு குவியலைத் தன் கையால் பிரித்த மனிதர் அவர். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தவர். கண்ணாடியைத் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். துடைக்கவில்லை.

"பார்த்தேன், ஐயரே. இதேதான். இதுல ஒரு சந்தேகமும் இல்லை. மணி ஒன்பதாச்சு, ஆரம்பிக்கலாம்," என்றார்.

நாலு வாக்கியம். எண்ணினேன்.

கல்யாணம் நடந்தது. வெளியே வந்தபோது யாரோ சரவெடி வைத்தார்கள். அது எந்தக் கம்பெனி வெடியோ, பதிவாளரின் உண்மையான சான்று அதற்குள் இருந்ததோ, எனக்குத் தெரியாது. பேச்சியம்மாள் வெடிக்குக் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய் விருந்தில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். ரூத் அக்காவே வந்து பரிமாறினார். விருதுநகர் ஸ்டேஷனிலிருந்து பிறகு ஒரு கார்டு வந்தது: களவு போன பொருள் எதுவும் அகப்படவில்லை, வழக்கு முடிக்கப்பட்டது. அந்த ஜில்லாவில் நல்ல தேநீர் குடித்தவன் அந்தத் திருடன் ஒருவன்தான்.

வேலையை ராஜிநாமா செய்துவிட்டு அந்த வருஷமே சிவகாசிக்கு வந்துவிட்டேன். வெயிலும் தண்ணீரும் காப்பியும் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றைப் பற்றி என் அபிப்பிராயமும் அப்படியேதான் இருக்கிறது. அந்த நாலு துண்டும் ஒரு அட்டையில் ஒட்டி, கோயில் பெட்டிக்குள் எங்கள் கல்யாணப் பதிவோடு இருக்கின்றன. சிங்களம் படிக்கத் தெரிந்தவர் யாரும் இதுவரை அதைக் கேட்டு வரவில்லை. நாலாவது துண்டில் எழுதியிருக்கும் ஒரே நிபந்தனையை என் வீட்டுக்காரர் இன்றுவரை மீறியதில்லை. இந்த ஊரில் தெருவில் எச்சில் துப்பாத ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான்.